செபத்தோடு கொடுத்த கொயினா

மாவனல்லைக்குத் தெற்கே ஒரு றப்பர் தோட்டத்தில் ஜோன் உபதேசியார் பதினோரு வருஷம் வேதம் சொன்னார். அதைக் கேட்டு வேதத்தில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அடுத்த தோட்டத்துக்குப் போனதும் மறுபடி திருநீறு பூசிக்கொண்டதாகக் கேள்வி.

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் மரங்களைக் கீறிவிட்டு, பால் சிரட்டையில் வடிந்து முடியும்வரை பால்வெட்டுக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்து உபதேசியார் மணியை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பார். எழுந்து போக முடியாதவர்களுக்குப் பிரசங்கம் செய்வதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்றைக்கு நற்செய்தியும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போகிறவர் என்பதால் தோட்டத்து டிஸ்பென்சர் கொயினா மருந்துப் போத்தலை அவர் கையில் கொடுத்தார். உபதேசியாருக்கு அது ஆண்டவரே அனுப்பிய வாய்ப்பாகத் தெரிந்தது. ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து, செபம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் மருந்தை ஊற்றினார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேகாலைக் கோயிலிலிருந்து வரும் பங்குச் சாமிக்கு இது பிடிக்கவில்லை.

"தூண்டில்ல புழு மாட்டுற மாதிரி இருக்கு, உபதேசியாரே. மருந்த மருந்தாக் குடுங்க. வேதத்த வேதமாச் சொல்லுங்க."

உபதேசியார் பணிவாகத் தலையாட்டினார். சாமியின் கார் வளைவில் மறைந்ததும் பழையபடி செபத்தைத் தொடங்கினார்.

தை மாதம் அவர் மனைவி பிலோமினம்மா படுத்தாள். அவளுக்கும் ஒவ்வொரு வேளையும் செபம் சொல்லித்தான் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அவள் செத்துப்போனாள்.

அவர் அழவில்லை. ஆண்டவர்மேல் கோபப்படவும் இல்லை. கோபத்துக்கும் உள்ளே ஏதாவது இருக்கவேண்டுமே. மூன்றாம் நாள் போத்தலோடு புறப்பட்டார். மணி ஆணியிலேயே தொங்கியது. மனசில் இல்லாததை வாய் சொல்லக்கூடாது என்று செபத்தையும் விட்டுவிட்டார். விசுவாசம் இருந்தபோது காதில் விழாத சாமியின் புத்திமதியை, அது போனபிறகு எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

அதன் பலனாக, லயத்தில் ஒருவரும் மருந்தைத் தொடவில்லை.

ஆறாம் லயத்து வீராயி நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். தனிக்கட்டை. பதினோரு வருஷமும் அவர் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விட்டவள்.

"செபம் சொன்னீங்களா?"

"இல்ல. மருந்து அதே மருந்துதான்."

"அப்பக் கேக்காதுங்க. எடுத்துட்டுப் போங்க."

"காய்ச்சலுக்குக் கேக்குறது மருந்துதான், வீராயி. செபம் இல்ல."

"பதினோரு வருசமா ஒங்க வாய் ஓயல. வேணுங்கிற நேரத்துல ஊமையாயிட்டீங்களாக்கும்!" என்றாள். பக்கத்துக் காம்பராவில் யாரோ சிரித்தார்கள். அவர் வற்புறுத்தி ஊற்றியதை அவள் துப்பிவிட்டாள்.

அன்று மாவனல்லைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனவரிடம் கடைக்காரர் தாஸிம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓதாத தண்ணிய எங்கட ஆக்களும் குடிக்க மாட்டாங்க, உபதேசியாரே. ஓதிக் குடுத்திட்டுப் போங்களன்."

மறுநாள் வீராயிக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. பல் கிட்டியது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் பிலோமினம்மாவுக்குப் பக்கத்தில்தான் குழி. உபதேசியார் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன், வீராயி. பிலோமினாவுக்கு ஒவ்வொரு வேளையும் சொன்னேன். போயிட்டா. இப்ப எனக்குள்ள ஒண்ணுமில்ல. சொன்னா வெறும் வாய்தான் சொல்லும்."

"வாயாலதானே சொல்லணும்? சொல்லுங்க."

சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் வாசிப்பதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். அவள் விழுங்கிவிட்டு, கசப்புக்காக அவரையே திட்டினாள். பத்து நாள், காலையும் மாலையும் சொன்னார். ஒரு நாளாவது உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. வீராயிதான் எழுந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மற்றக் காம்பராக்களும் வாயைத் திறந்தன.

பங்குனியில் உபதேசியாரே விழுந்தார். போத்தலை எடுத்துக்கொண்டு வந்தவள் வீராயி.

"வச்சிட்டுப் போ, குடிச்சுக்கிறேன்."

"சும்மா குடிச்சாக் கேக்காதுங்க."

அவர் நெற்றியில் சிலுவை வரைந்து, செபம் முழுவதையும் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். அவரிடம் கேட்ட அதே உணர்ச்சியற்ற குரலில். அவர் மூச்சு வாங்கிய இடங்களில் மூச்சும் வாங்கினாள். அவர் விழுங்கினார். கசந்தது. அன்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சித்திரையில் சாமி வந்தபோது கதையைக் கேட்டு வீராயியைக் கூப்பிட்டார்.

"வேதத்துல சேர்றியாம்மா?"

"நான் எதுக்குங்க, சாமி? எங்க மாரியாத்தா கோவிச்சுக்கும். அவருக்குச் சொல்ல ஆளில்ல, சொன்னேன்."

உபதேசியார் வழக்கமான அறிக்கையை எழுதி நீட்டினார். 'புதிதாகச் சேர்ந்தவர்கள்' என்ற இடத்தில், ஒருவருமில்லை. 'வேதம் போதித்தவர்' என்ற இடத்தில் எப்போதும் அவர் பெயர் இருக்கும். இந்த முறை அதற்குக் கீழே, வீராயி, ஆறாம் லயம், என்றிருந்தது.

சாமி பேனாவைத் திறந்தார். அந்தப் பெயரை அடிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. பேனாவை மூடினார்.

மறுநாள் விடியும்போதே மழை. பால்வெட்டு இல்லை. ஜோன் உபதேசியார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, போத்தலோடு ஏழாம் லயத்துக்கு இறங்கிப் போனார்.