சைட் திறக்காத கடைசி நாள்

தபாலில் அனுப்பிவிடலாம் என்று அப்பா சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

கடைசி நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சொன்னார். மேல்முறையீட்டை ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம், எப்படி அனுப்பினாலும் குறிப்பிட்ட நாள் மாலை ஆறு மணிக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று பென்ஷனை நிறுத்தியவர்கள் அனுப்பிய தாளில் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான்.

"தபால்னா ரசீது கையில இருக்கும்லப்பா" என்றார்.

"தபால் எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆன்லைன்ல போட்டா அந்த நிமிசமே நம்பர் வந்துரும்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்புகிறவன். நான் ஒன்று சொன்னால் அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை. அப்பாவும் பேசவில்லை.

அப்பா ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்போடு போய்ச் சேர்ந்தார். மலைமேல் ஒரு முகாமில், விடியற்காலையில் காவலுக்கு நின்றவர்களுக்கு டீ கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பு உடைந்தது. ஊனத்துக்கான பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் நாங்கள் திருப்பூர் வந்தோம். நல்லூரில் வாடகை வீடு. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தாள். பென்ஷன் கையில் இருந்ததால் அப்பா நூல் பிசிறு வெட்டுவது, பீஸ் மடிப்பது என்று உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

அப்புறம் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ராணுவ டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்த அறையில் அவரை நடக்கச் சொன்னார்கள். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, நேராக நடந்து காட்டினார். திரும்பும் இடத்தில் காலைத் தட்டித் திரும்பினாராம். பெரிய அதிகாரிகள் முன்னால் எப்படி நொண்டுவது என்று நினைத்துவிட்டார். ஊனம் குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். பென்ஷன் நின்றது. அன்று இரவு அவரால் கட்டிலில் ஏற முடியவில்லை. அதை எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

பென்ஷன் நின்றதும் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாற்காலி போட்டால் முதலாளிக்குப் பிடிக்காது. அந்த மேல்முறையீடு போய்ச் சேர்ந்தால் இன்னொரு டாக்டர் போர்டு கூப்பிடும். சேராவிட்டால் உடைந்த இடுப்போடு அவர் அந்த கேட்டில்தான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு மாதத்தையும் கடத்தினேன்.

சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தை இங்கிலீஷில் நான்கு முறை திருத்தி எழுதினேன். புது எக்ஸ்ரேயும் டாக்டர் சர்டிபிகேட்டும் சைட் கேட்கிற அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தேன். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. எப்படியும் பத்து நிமிட வேலைதானே என்று மனதுக்குள் ஒரு தெம்பு. கடைசிக்கு முந்தின நாள் சைட் மெதுவாக ஓடியபோதுகூட நான் பயப்படவில்லை.

கடைசி நாள் லீவு சொல்லிவிட்டு, எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா நடத்துகிற ஆன்லைன் சென்டருக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். வேலைக்கு மாலையில் போனால் போதும் என்று அவர் ஷிப்ட் மாற்றி வாங்கியிருந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் அந்தச் சட்டை.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'சேவை தற்சமயம் இல்லை' என்று வந்தது. மறுபடி தட்டினால் மறுபடி வட்டம்.

"காலைல கடை தொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க தம்பி" என்றார் அக்கா. "எந்திரிக்கறதும் படுக்கறதுமா இருக்குது."

எங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். குண்டடம் கிராமத்துக்காரர், அவரும் ராணுவத்தில் இருந்தவர், ஏதோ பென்ஷன் திருத்தத்துக்காக முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, டாக்டர் முன்னாடி நொண்ட வேண்டாமுங்களா? நல்ல காலையே நொண்டிக் காட்டறானுங்க இந்தக் காலத்துல. நீங்க பரேடு போயிருக்கறீங்க."

அப்பா சிரித்தார். "பழக்க தோசம்ங்க."

ஒரே ஒரு முறை உள்ளே நுழைகிற பக்கம் திறந்தது. ஓ.டி.பி. எண் அப்பாவின் பட்டன் போனுக்கு வர வேண்டும். வந்தபோது அப்பா எழுந்து நின்று, வயர்லெஸ்ஸில் சொல்வது போல ஒவ்வொரு எண்ணாக, "ஏழு... மூணு... சைபர்..." என்று உரக்கப் படித்தார். நான் அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. அது போனுக்கு வந்து சேர்வதற்கே அத்தனை நேரம் ஆகியிருந்தது. அப்பா தான் மெதுவாகப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். "அடுத்த தடவ வெரசா சொல்றேம்ப்பா" என்றார். அடுத்த தடவை அந்தப் பக்கமே திறக்கவில்லை.

உதவி எண்ணுக்கு அடித்தேன். இசை ஒலித்தது, கட் ஆனது. கம்பெனி நண்பனுக்குப் போன் செய்து அங்கிருந்து திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கேயும் வட்டம். தபால் ஆபீஸுக்கு ஓடலாமா என்று தோன்றியது. இன்று போடுகிற தபால் இன்று மாலை எப்படிப் போய்ச் சேரும்? அப்பா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ அக்காவிடம், "தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்கம்மா" என்றார்.

ஒரு மணி வாக்கில் சாப்பாட்டு இடைவேளையில் அம்மா தூக்குப் போசியோடு வந்தாள். அவள் கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"எத்தன மணிக்கு நின்னுச்சு?"

"காலைலருந்தே ஓடலம்மா."

"காலைலன்னா? எட்டா, ஒம்பதா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எழுதி வைக்கலையா நீ?" என்றாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். "எங்க லைன்ல கரண்டு போனா, மிசின் பெல்ட்டு அறுந்தா, மொத வேலையே நேரத்தக் குறிக்கறதுதான். மணிக்கு மணி எழுதற ஹவர்லி சீட்டுல எத்தன மணிக்கு நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு எழுதி மெக்கானிக்குட்ட கையெழுத்து வாங்கிருவோம். இல்லைன்னா சாயந்தரம் பீஸ் கொறஞ்சது டெய்லர் தலையிலதான் விழும். வாயால சொன்னா எவன் நம்புவான்?"

"அரசாங்கம் ஒண்ணும் உங்க லைன் இல்லம்மா" என்றேன். எரிச்சலில்தான் சொன்னேன்.

"எல்லா எடத்துலயும் ஒரு சூப்பர்வைசர் இருப்பான்யா" என்றபடி தட்டை நீட்டினாள். "மொதல்ல சாப்பிடு."

கம்பெனியில் அந்தத் தாள்களை நான் தினமும் பார்க்கிறேன். மாதக் கடைசியில் கூட்டிப்போட்டு அறிக்கை தயாரிப்பதே நான்தான். அவை எங்கிருந்து வருகின்றன, யாருக்குப் பயந்து எழுதப்படுகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மா போன பிறகு அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். கட்டம் போட்டேன்: நேரம், என்ன செய்தோம், திரையில் என்ன வந்தது, காரணம், கையெழுத்து. காலையில் நடந்ததைக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த நேரங்களையும், என் போனில் உதவி எண்ணுக்கு அடித்த நேரங்களையும், அப்பா போனுக்கு எண் வந்த நேரத்தையும் வைத்து நிரப்பினேன். திரையைப் படம் எடுத்து அச்செடுத்தோம். அக்கா ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரை குத்தினார்.

"எனக்கும் ஒரு எடம் உடு கண்ணு" என்று குண்டடத்துக்காரர் பேனாவை வாங்கினார். பெயருக்குக் கீழே தன் பழைய ராணுவ எண்ணையும் எழுதினார்.

ஐந்தரைக்குப் பிறகு சைட் எழுந்தது. எண் உடனே வந்தது. அப்பா வேகமாகப் படித்தார். உள்ளே போய்விட்டோம். கடிதம் ஏறியது. டாக்டர் சர்டிபிகேட் ஏறியது. எக்ஸ்ரே பாதியில் நின்றது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு தாண்டியதும் திரை வெளுத்து, 'காலக்கெடு முடிந்துவிட்டது' என்று மட்டும் வந்தது.

நான் மேசையில் தலை கவிழ்த்தேன். "அழுகாதீங்க தம்பி" என்று அக்கா சொன்னபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது. அப்பா தாளை என் பக்கம் நகர்த்தி, "இதையும் எழுதிக்க" என்றார். எழுதினேன். கடைசி வரியில் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். கேட்டில் பகல் ஆள் மாற்றிவிடக் காத்திருப்பாராம். அந்த இடுப்போடு விடியும்வரை நிற்கப் போனார்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்துக்குப் போனோம். அப்பா தூங்கவில்லை. அங்கிருந்த அலுவலர் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"சைட்டு படுத்துருச்சுன்னு இன்னைக்கு மட்டும் நாலு பேர் வந்துட்டாங்க. வெறும் வாய்ல சொன்னா நான் மேல என்னன்னுங்க எழுதறது?"

தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனா முனையால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ஒண்ணு பத்துல இருந்து ஒண்ணரை வரைக்கும் ஒண்ணும் காணமுங்களே?"

"சாப்பிட்டோம் சார்."

"அப்ப சாப்பாடுன்னு எழுதுங்க. காலியா உட்டா சந்தேகம் வரும்."

எழுதினேன். பிறகு அவர் கேட்டார்: "செரிங்க. இது ஒரு நாளைக்குக் காரணம். அதுக்கு முன்னாடி எத்தன நாள் இருந்துச்சு? அப்ப ஏன் போடலீங்க? தாமதத்தப் பொறுக்கச் சொல்லி மனு குடுக்கறப்ப அதையும் சொல்லியாகோணும்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"நாந்தான் சார்" என்றார் அப்பா. "பழைய பேப்பரெல்லாம் எங்க வச்சேன்னு தெரியல. தம்பி தெனமும் கேட்டான். நாந்தான் இன்னைக்கி நாளைக்கின்னு இழுத்துட்டேன்."

அப்பாவின் பேப்பர்கள் எல்லாம் தகரப் பெட்டியில் வருட வரிசையில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பென்ஷன் நின்றதாகக் கடிதம் வந்த அன்றே மொத்தத்தையும் என் கையில் கொடுத்திருந்தார்.

அலுவலர் என்னைப் பார்த்தார். "அப்படியே எழுதுங்க தம்பி, அப்பா சொல்றாப்ல."

எழுதினேன். 'எனது கவனக்குறைவால் ஆவணங்களைத் தேடி எடுப்பதில் தாமதம் ஏற்பட்டது' என்று, அப்பா சொல்வதாக, என் கையெழுத்தில், பிழையில்லாமல் எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். மனுவோடு தாளையும் மேல்முறையீட்டையும் சேர்த்து முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார் அலுவலர். "நான் அனுப்பி வைக்கறேனுங்க. எடுத்துக்கறதும் தள்ளறதும் மேல இருக்கறவங்க கையில. உறுதியெல்லாம் சொல்ல முடியாதுங்க. என்னாச்சுன்னு சைட்டுலயே பாத்துக்கலாமுங்க."

படியிறங்கும்போது கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"கவர்மெண்ட் பேப்பர்ல உம்பேரு தப்பா ஏறக் கூடாதுப்பா. நாளைக்கி நீ எதுனா பரிச்ச எழுதுவ, வேலைக்குப் போவ."

அப்படியெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். திரும்பி மேலே போய் உண்மையைச் சொல்லி மாற்றி எழுதியிருக்கலாம். மாற்றி எழுதினால் மனுவையே சந்தேகப்படுவார்களோ என்று பயந்தேன். அதுவும் சாக்குதானோ என்னவோ. அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். அலுவலர் அறையில் மேசை வரைக்கும் நேராகத்தான் நடந்திருந்தார்.

மேலே இருந்து இன்னும் பதில் வரவில்லை. காலையில் அவர் கேட்டிலிருந்து வரும்போது நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன்.

"சைட்டு தொறக்குதா?"

"தொறக்குதுப்பா."

"என்ன போட்ருக்கு?"

"பரிசீலனையில் இருக்குன்னு."

"சரி" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது பக்கமாகச் சாய்ந்து, பிறகு மெல்லக் கட்டிலில் உட்காருவார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்ப்பேன். அவரால் குனிய முடியாது.