ஊரிகம் கொட்டகைக்குள் மாமா நீட்டிய விளக்கு

கொட்டகையின் தகரக் கதவு பறந்ததுதான் கண்ணில் நிற்கிறது. வெடித்த சத்தம் நினைவில் இல்லை. நட்டநடுப் பகல். கதவு எதிர்ச் சுவரில் மோதி மடங்கியது. அதன் பின்னாலேயே என் தாய்மாமா, இரண்டு கைகளும் எரிய, மண்ணில் வந்து விழுந்தார். கோணிச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். சாக்கை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஓயாத கரண்ட் கட். அதற்காக ஒரு கம்பெனி அங்கேயே இந்தக் கொட்டகையில் ஃப்யூயல் செல் வைத்தது. சிலிண்டரில் வரும் ஹைட்ரஜனை எரிக்காமலே கரண்டாக்கித் தரும் பெட்டி அது. ஓட்டுவது நான்; காவலுக்கு மாமா, சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கியவர். வாயு கசிந்தால் கத்துவதற்கு ஓர் அலாரம் உண்டு. அது காரணமில்லாமலும் வேளைகெட்ட வேளையில் கத்தும், லைன் சனங்கள் என்னை வைது தீர்ப்பார்கள். எரிச்சலில் ஒருநாள் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கம்பெனிக்குச் சொல்லிச் சரிசெய்திருக்கலாம். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

மாமா பார்த்துவிட்டார். "இன்னாடா, அது வாய அட்ச்சிட்ட? உள்ள காத்து கெட்டா எப்டித் தெரியும்?"

"நாளைக்குப் பாக்கலாம் மாமா" என்றேன்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. சுரங்கத்தில் ஆள் புழங்காத லெவலுக்குள், அந்த ஆழத்துப் பாதைக்குள், நுழையுமுன் கார்பைடு விளக்கை முன்னால் நீட்டுவார்கள். சுடர் சுருங்கினால் காற்று கெட்டது, திரும்பிவிட வேண்டும். அந்தச் சுடரை நம்பித்தான் அவர் பிழைத்து வந்தார். மறுநாள் கொட்டகைக்குள் 'உஸ்' என்று கேட்டதும், வீட்டிலிருந்து அந்த விளக்கை எடுத்து வந்து, கொளுத்தி, கதவைத் திறந்து நீட்டியிருக்கிறார். ஹைட்ரஜன் பக்கம் நெருப்பே போகக் கூடாது என்று நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் கம்பெனி அதிகாரி மாமாவிடம் கேட்டார், அலாரம் அடித்ததா என்று. பெட்டியும் ஒயரும் கரியாகிவிட்டன. இனி மாமா சொல்வதுதான் சாட்சி. என் வேலை போகும், ஜெயிலுக்கும் போவேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அட்ச்சிது சார். நான்தான் கேக்காம உள்ள போனேன்" என்றார் மாமா.

இன்று ஊர் ஊராகப் போய் இந்தப் பெட்டிகளை வைத்துக் கொடுக்கிறேன். காவல்காரர்களிடம் நெருப்பைப் பற்றித் தொண்டை வற்றச் சொல்கிறேன். மாமாவுக்கு அத்தைதான் சோறு ஊட்டுகிறாள். அன்று ஆஸ்பத்திரியில் அதிகாரி போன பிறகு நடந்ததை அவளிடம்கூட நான் சொன்னதில்லை. "கிட்ட வா" என்றார் மாமா. கும்பிடத்தான் குனிந்தேன். கட்டுப் போட்ட கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். வலி தாளாமல் அலறியது அவர்தான். அலறி முடித்ததும், மறு கையையும் ஓங்கினார்.