கொட்டகை மேனேஜரிடம் சொன்ன பொய்

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் எங்களுக்குத் தமிழ்ப் படம் பார்ப்பதே அபூர்வம். சிகந்தராபாத்துக்கு எப்போதாவதுதான் ஒன்று வரும். சமீபத்தில் ஒரு காதல் தமாஷ் படம் வந்ததும், பக்கத்து வீட்டு மரகதத்துடன் வெயிலில் நடந்தே போனேன்.

காதலனும் காதலியும் கடைசி வரை சண்டை போட்டார்கள். தமாஷ் என்ற பெயரில் ஒருவர் சாணியில் வழுக்கி வழுக்கி விழுந்தார். பெண்கள் பகுதி முழுக்கக் கொட்டாவிதான்.

"இதுக்கு வீட்டிலேயே தூங்கியிருக்கலாம்டி" என்றாள் மரகதம்.

வாசலில் கொட்டகை மேனேஜர் நின்றுகொண்டு, "படம் எப்படிம்மா?" என்று கேட்டார். மோசம் என்றால் இனி தமிழ்ப் படமே தருவிக்க மாட்டாரோ என்று பயம். "ரொம்ப நல்லா இருந்தது" என்றோம்.

மறு மாதம் விளம்பர வண்டிக்காரன், "தமிழ்ப் படம்!" என்று கத்திக்கொண்டு போனான். பெயரைக்கூடக் கேட்காமல் ஓடினோம். உள்ளே உட்கார்ந்தால், அதே சாணி, அதே வழுக்கல்!

வெளியே வந்ததும் மேனேஜரிடம், "நக்கோ சாமி, இது வேண்டவே வேண்டாம், வேற படம் கொண்டு வாங்க" என்றேன்.

"எனக்கும் பிடிக்கலேம்மா. நீங்கள்லாம் நல்லா இருக்குன்னீங்களேன்னுதான் திரும்ப வரவழைச்சேன்" என்றார் அவர்.

இனி படம் மோசமென்றால் வாசலிலேயே சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். அடுத்த தமிழ்ப் படம்தான் இன்னும் வந்தபாடில்லை.