கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர்

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை அடிக்கக் கொடுக்கப் போன அன்றுதான், அப்பா உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வி வந்தது. கேட்டவர் அம்பத்தூரில் அச்சகம் வைத்திருப்பவர். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா, ‘காலஞ்சென்ற’ போடுவதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அப்பா எங்களை விட்டுப் போனபோது நான் பத்தாவது படித்தேன். தங்கை மூன்றாவது. அவர் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்பது சீக்கிரமே எங்கள் காதுக்கு வந்தது. நாங்கள் இருந்த கொரட்டூரிலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் அம்மா போய்ச் சண்டை போடவில்லை, யாரையும் தூது அனுப்பவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். குங்குமம் வைப்பதை நிறுத்தினாள். அவர் விட்டுப்போன சட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கரித்துணி ஆக்கினாள். பல வருஷம் எங்கள் வீட்டில் சோற்றுப் பானையை அவருடைய சட்டைக் கையால்தான் பிடித்து இறக்கினோம்.

அச்சகத்துக்காரர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். “எது வேணா போடு” என்றாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அவர்கள் பூந்தமல்லிக்காரர்கள். பெண் பார்க்க வந்தபோது அவர்களிடம், பெண்ணின் அப்பா இல்லை என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள். அவருடைய தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எங்கள் அப்பாவின் பெயரைப் பார்த்தாராம். அது உங்கள் வீட்டுக்காரர்தானா, எப்போது தவறினார் என்று அம்மாவிடம் கேட்டார். செத்து ஒரு வருஷம் ஆகாமல் இருந்தால் கல்யாணத்தைத் தள்ளி வைக்க வேண்டும், எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். விசாரித்துச் சொல்வதாக அம்மா போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உயிரோட இருந்துதான் ஒண்ணும் பண்ணல. செத்தாவது சும்மா இருக்கக் கூடாதா அந்தாளு?” என்றாள்.

விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். அந்தச் சுவரில் பாதி போஸ்டர்தான் மிச்சமிருந்தது. அதன்மேல் டியூஷன் சென்டர் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். தேதி இருந்த இடம் அதற்கடியில் போயிருந்தது. மூக்குக்குக் கீழே முகமும் இல்லை. நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தங்கைக்கு அதே நெற்றி. கீழே ‘துயரத்துடன், தண்ணீர் லாரி ஓட்டுநர்கள்’ என்று இருந்தது. மனைவி, மகள் என்று யார் பெயரும் இல்லை. எங்கள் பெயரைப் போட்டிருந்தால் யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கோபம் வந்திருக்கும். போடாததற்கும் வந்தது.

லாரிகள் நிற்கும் இடத்தை விசாரித்துப் போனேன். அங்கே வயதான டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மகள் என்று சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

“பொண்ணுன்னு சொல்லிக்கினு இப்ப வர்றியா? கொள்ளி வெக்க நாதியில்லாம நான் வெச்சேன். அன்னிக்கு எங்க இருந்தே?”

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் வந்திருப்பாயா என்று கேட்டார். அப்பா அவரிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். பெற்ற மகள்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் விடவில்லையாம். பண்டிகைக்குத் துணி எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே வீசி எறிந்தார்களாம். அவர் போன நாளிலிருந்து எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை என்று சொன்னேன். டிரைவர் நம்பவில்லை. செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான் என்றார். எந்தத் தேதியில் இறந்தார் என்று கேட்டதற்கு, “தேதி தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போறே, தெவசம் குடுக்கப் போறியா?” என்று கேட்டுவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். ஏரிக்கரை ஊரில் போய்க் கேள் என்பதை மட்டும் மேலிருந்து சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். வயல் இருந்த இடமெல்லாம் பிளாட் கல் நட்டிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றார்கள். அங்கே இருந்த சுகாதார ஆய்வாளர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். கொரட்டூர் முகவரி. இறந்த தேதியும் தெரியாது, இந்த ஊரில் வீடு எது என்றும் தெரியாது, எதை வைத்துத் தேடுவது, யாரோ வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அப்பாவின் வீடு தெரியாத மகளை அவர் பார்த்த பார்வை டிரைவர் பார்த்ததைப் போலவே இருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஊரில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அம்மாவைவிட இளையவளாக இருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். கேட்டைத் திறக்காமல் நின்றாள்.

“அவன் இங்க இல்ல. மூணு வருசம் முன்னாடியே தொரத்திட்டேன்” என்றாள்.

குடி, அடி, இவள் பேரில் வாங்கிய தண்ணீர் மோட்டாரை விற்றது என்று காரணங்களைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் லாரியிலேயே படுத்துக்கொண்டிருந்தாராம். செத்த செய்தி அவளுக்கும் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரியும். போகவில்லை.

“நீயும் போவல, நானும் போவல. அப்பறம் எதுக்கு எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கிறே?”

எங்கள் வீட்டு விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் தங்கையின் கல்யாணத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். தன்னுடைய ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்க வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன், உனக்காக இல்லை என்றாள். சுகாதார நிலையம் வரை எனக்கு முன்னால் நடந்தாள். நானும் எட்டி நடந்து சேர்ந்துகொள்ளவில்லை. பெஞ்சின் ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானும் உட்கார்ந்தோம்.

அவளுடைய முகவரியைச் சொன்னதும் ஆய்வாளருக்குக் கம்ப்யூட்டரில் உடனே கிடைத்துவிட்டது. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அப்பா போன ஆடி மாதம் இறந்திருந்தார். இடம், ஏரிக்கரைச் சாலையில் நின்ற லாரி. தகவல் கொடுத்தவர் அந்த டிரைவர். முகவரி இவள் வீடு. மனைவி பெயர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ரெண்டு பேர வெச்சிகினு தெரியலயாம்” என்றாள். பிறகு, தொரத்தின பிறகும் தன் வீட்டு முகவரியையே ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறான் என்று ஆய்வாளரிடம் சத்தம் போட ஆரம்பித்தாள். அவரால் என்ன செய்ய முடியும்? ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து எங்களை வெளியே அனுப்பினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கும் அவள்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் எங்கள் அம்மா தைத்த தையலைப் பார்த்தவர்கள் இல்லை.

ஆடியில் செத்திருக்கிறார், கல்யாணம் தையில். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சான்றிதழைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள். போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“இல்லீங்க, அது எங்க ஊட்டுக்காரர் இல்ல. அவரு தவறி ரொம்ப வருஷமாச்சி. சின்னவ மூணாங்கிளாஸ் படிக்கும்போது.”

அப்படியானால் போஸ்டரில் இருப்பது யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அது அதே பேரில் வேறு யாரோ என்றாள். சான்றிதழ் என் பையில் இருந்தது. நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னிடம் சான்றிதழை வாங்கிப் படித்தாள். லாரியிலேயா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“யாருக்குடி முழுகினே?”

“எங்க அப்பாக்கு. உனக்கு எப்பவோ செத்துட்டாரு. எனக்கு இந்த ஆடிலதான்.”

அவர் முகம்கூட உனக்கு ஞாபகம் இருக்காதே என்று அம்மா கத்தினாள். அதற்கும் நீங்கள் இரண்டு பேரும்தான் காரணம், ஒரு போட்டோகூட வைக்காமல் கிழித்துப்போட்டீர்கள் என்று தங்கையும் கத்தினாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். போட்டோக்களைக் கிழித்தது நான்தான் என்பதால் எனக்குச் சுருக்கென்று பட்டது. இருந்தாலும் கிழித்தது தப்பென்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு தங்கை எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புடவை எடுக்கப் போனபோதும் எதைக் காட்டினாலும் சரி என்றாள். பத்திரிகையில் ‘காலஞ்சென்ற’ என்றே அடித்தோம்.

தையில் பூந்தமல்லி பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா இடத்தில் நின்று மாமா தாரை வார்த்தார். மாப்பிள்ளையின் நண்பர்கள் தங்கையின் போட்டோவும் போட்டு ரோடு முழுக்க பேனர் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஏரிக்கரை ஊர்க்காரி வந்திருக்க வேண்டும். மண்டபத்தில் அந்த நரைத்த தலையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் இருந்த தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் போய்க் காதில் சொன்னேன். வெளியே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரித்துக்கொண்டே யாருக்கோ கும்பிடு போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், “சாப்ட்டுப் போவட்டும். மொய் மட்டும் வாங்கிடாதே” என்றாள்.

அவள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து, மொய் எழுதும் மேஜைக்கு முன்னால் நின்று ஒரு கவரை நீட்டினாள். மொய் வாங்குவதில்லை என்றேன். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் கவரோடு ஆட்கள் நின்றார்கள். கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சைகை காட்டினேன்.