திருஷ்டி உப்பும் பாட்டுப் பெட்டியும்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து தாராவி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். படபடப்பு கூடாது, திடுக்கிட வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து ஒரு தட்டு கீழே விழுந்தாலும் அவரிடம் ஓடுவேன். அவர் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தாள். பொத்தானே கிடையாது. கட்டில் தலைமாட்டுப் பலகையில் வைத்து, "ம்மா, இங்க பாரு. கைய வட்டமா சுத்துனா சத்தம் கூடும். உள்ளங்கைய விரிச்சிக் காட்டுனா பந்த் ஆயிரும், பாட்டு நின்னுரும். அவ்ளோதான்," என்றாள்.

"ஏட்டி, கொசு வெரட்டுனா என்ன செய்யும்?" என்றார் அவர்.

"டான்ஸ் ஆடும்ப்பா."

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "நல்லாத் தேறிட்டீயளே அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவே எனக்குப் பயம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும், மகள் வேலையிலிருந்து வருமுன், அவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன். பெட்டியில் மெல்ல நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. உப்பும் வற்றல் மிளகாயும் வலது கையில் அள்ளி, மூடிக்கொண்டு, அவர் தலையைச் சுற்றினேன். நெருப்பில் போடும்வரை பேசக்கூடாது, கையைத் திறக்கக்கூடாது. திறந்தால் கழித்தது அவர் மேலேயே திரும்பும் என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

முதல் சுற்றிலேயே சத்தம் ஏறியது. எனக்கு உறைக்கவில்லை. அடுத்த சுற்றில் தவில் தகரக் கூரையில் இடி விழுந்ததுபோல் அதிர்ந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் என் இடது கையை இறுக்கினார்.

"நிறுத்துட்டி… போதும்."

உதடு வெளுத்திருந்தது. மூடிய கையைப் பெட்டிமுன் ஆட்டினேன். இன்னும் கூடியது. விரிக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. விரித்தால் உப்பு அவர் மடியில் கொட்டும். விரல்கள் பிரிய மறுத்தன. அவர் கண் செருகப் பார்த்தது.

விரித்தேன்.

பாட்டு நின்றது. உப்பும் மிளகாயும் அவர் வேட்டி முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கையை இறக்கினால் மறுபடி தொடங்கிவிடுமோ என்று உள்ளங்கையைக் காட்டியபடியே நின்றேன்.

"பெட்டிக்குமா சேத்துச் சுத்துன?" என்றார் கடைசியில், மெல்ல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பைக் கல் கல்லாகப் பொறுக்கினேன். சில கற்கள் போர்வை மடிப்புக்குள் போய்விட்டன. அவற்றைத் தேடியபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். நெஞ்சு சரியாக இருக்கிறது, அதே மாத்திரைதான் என்றார். வீட்டுக்கு வந்து போர்வையை அலசிப் போட்டேன்.