பொருந்தாததை அடிக்கவும்

காரைக்காலில் ஓர் அலுவலக வாசலில் உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் கொடுப்பது என் தொழில்; 'இது அல்லது அது, பொருந்தாததை அடிக்கவும்' என்று படித்துவிட்டுப் பேனாவோடு முழிக்கும் நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

உயிருடன் அல்லது காலமானார்

ஆரம்பத்தில் ஆளைக் கேட்காமலே ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பேன். அத்தனை வேகம். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பிரெஞ்சில் ஐயா என்பதுபோல முசியே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், உயிர்ச் சான்று எழுத வந்தார். 'உயிருடன் உள்ளார்' என்பதை அடித்து, பவ்யமாக நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"என்னை அனுப்பி வச்சது போதும்மா. இனிமே கேட்டுட்டு அடி."

தந்தை அல்லது கணவர்

அன்றிலிருந்து கேட்டுத்தான் அடிக்கிறேன். அப்படிக் கேட்டதில்தான் வம்பு வந்தது. விழிதியூர் மல்லிகா, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று வேண்டுமென்று வந்தார். சேர்க்கைக்கு மூன்று நாள்தான் பாக்கி. புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினைந்து வருஷம். நடவுக்குப் போய்த்தான் மகளைப் படிக்க வைத்திருந்தார். எதை அடிக்கட்டும் என்றேன். இரண்டையும் அடித்து, தாய் என்று தன் பெயரை எழுதச் சொன்னார். திருப்பி அனுப்புவார்கள், அந்த ஆள் பெயரைப் போட்டால் இன்றைக்கே முடியும் என்று எவ்வளவோ சொன்னேன்.

"சோறு போட்டவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வராதவன் பேரு எதுக்குக்கா?"

வாங்குவது அல்லது மறுப்பது

மல்லிகா சொன்னபடியே எழுதிக் கொடுத்த ஃபாரத்தைப் பார்த்ததும், கவுண்டரில் இருந்த எழுத்தர் என்னை உள்ளே கூப்பிட்டார். இப்படி எழுதினால் நாளையிலிருந்து என் கையெழுத்தில் வரும் எதையும் வாங்க மாட்டாராம். எனக்குப் பயம்தான், அந்த வாசல்தான் என் பிழைப்பு. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. புது ஃபாரம் எடுத்து, அவர் கண்ணெதிரே மறுபடியும் இரண்டையும் அடித்தேன். மல்லிகா ஜன்னலை விட்டு நகரவில்லை. "வாங்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க சார், போயிடறேன்" என்றார். எழுத்தர் அதிகாரியின் அறைக்குப் போனார். அரைமணி கழித்து முத்திரை குத்திய ஃபாரத்தோடு வந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்கும் இப்படி எழுதிக் குடுக்காதீங்க."

சொன்னபடி கேட்பது அல்லது கேட்காமல் விடுவது என்று எனக்கும் இரண்டு இருந்தன. பொருந்தாததை அடித்துவிட்டு, மறுவாரம் பூவத்திலிருந்து வந்த இரண்டு அம்மாக்களுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.