பாலம் வரும்வரை வாய் திறக்கக்கூடாது

ஒஃபிஸ் வேன் ஓட்டுகிறவர்களுக்குக் காது மூன்று வேண்டும்: ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று பின்னால் ஹோர்ன் அடிக்கிற பஸ்ஸுக்கு, இன்னொன்று சீட்டுகளில் நடக்கிற பாட்டுச் சண்டைக்கு. என்னைப் போல தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். சீட்டுக்குத்தான் அவர்கள் காசு தருகிறார்கள். ஆனால் ஏறும்போது அபிப்பிராயத்தையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கம்பளையிலிருந்து கண்டிக்கு என் வேன். வீட்டுக்காரருக்குக் கண் மங்கிய பிறகு சாவி என் கைக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். டாஷ்போர்ட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஒரு செவ்வரத்தம் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எஞ்சினைத் தட்டுவேன். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் பிரதீபன் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு வாடகை அறைக்குள் உட்கார்ந்து பாட்டுச் செய்கிறான். அதனால் பின்னால் யாராவது ஒரு புது ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிடும்போது எனக்குச் சிரிக்க வராது. அதைச் செய்தவனுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள்தானே.

சட்டம் வந்த கதை

வெள்ளிக்கிழமை என்றால் புதுப் பாட்டுகள் வந்திருக்கும். அன்று முன் சீட்டில் யார் இருக்கிறாரோ அவர் தன் போனிலிருந்து ஒரு புது ஆல்பத்தை ப்ளூடூத்தில் போடுவார். ஒரு முறை வங்கியில் வேலை செய்யும் குகன் தம்பி, அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஏதோ ஒரு பெரிய படத்துப் பாட்டுகளைப் போட்டார். கெலிஓயா தாண்டியதும் அவரே "இது கேக்கேலாது" என்றார். துணிக்கடையில் வேலை செய்யும் நஸ்ரினா, "அப்ப காதைப் பொத்துங்க" என்றாள். சண்டை முற்றியதில் பேராதனைச் சந்தியில் கை காட்டி நின்ற ஒருவரை ஏற்றாமலே வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருக்கும் சரோஜா மிஸ்தான் அன்று சட்டம் போட்டார். ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும். ஒருமுறை போட்டதைத் திரும்பப் போடக்கூடாது. பேராதனைப் பாலம் வரும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பாலத்தில் ஏறியதும் யாரும் எதையும் சொல்லலாம். அடுத்த வெள்ளிக்கிழமை வேனுக்குள் அப்படி ஒரு அமைதி. வெளியே பனி, உள்ளே பாட்டு, எல்லார் முகத்திலும் கோயிலில் நிற்கிற மாதிரி ஒரு அடக்கம். மாநகர சபையில் வேலை பார்க்கும் சிங்களவர் பண்டார மாத்தயா பாலத்தில் முதல் ஆளாக வாயைத் திறந்தார்.

"அக்கே, நம்ம வேன் இப்ப பன்சலை மாதிரி. செருப்பு கழட்டிட்டு ஏறணுமா?"

சொல் விளங்காத ரசிகர்

பண்டார மாத்தயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவு. ஆனால் தமிழ் ஆல்பம் ஒன்றையும் விடமாட்டார். கண்ணை மூடி, மடியில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்து, அதன் மூடியில் விரலால் தட்டிக்கொண்டே கேட்பார். விரல் நின்றால் பாட்டு தோற்றுவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் முழுவதும் காதல் பாட்டாக ஒரு ஆல்பம். வரிக்கு வரி உயிர், உயிர் என்று ஒரு பையன் உருகினான். நஸ்ரினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குகன் தம்பிகூட "வரியள் பரவாயில்லை" என்றார். சாப்பாட்டுப் பெட்டியின் மேல் விரல் அசையவே இல்லை. "மாத்தயா, உங்களுக்குச் சொல் விளங்கேல்லை, அதுதான்" என்று குகன் சீண்டினார். மாத்தயா யோசித்தார். வேன் பாலம் தாண்டிக் கெட்டம்பே வரைக்கும் வந்துவிட்டது.

"சொல்லு விளங்கல்ல, சரி. குரலு விளங்குது. இந்தப் பையனுக்கு லவ் இல்ல அக்கே. பசி மட்டும்தான் இருக்கு. காலையில ஒண்ணும் சாப்பிடாம பாட வந்திருக்கான்."

கெலிஓயாவில் ஏறுகிறவள்

நஸ்ரினாவுக்கு ஒரு குறை இருந்தது. அவள் ஏறுவது கெலிஓயாவில். அதற்குள் எந்த ஆல்பத்திலும் இரண்டு மூன்று பாட்டு ஓடி முடிந்திருக்கும். பாலத்தில் அவள் "முதல் பாட்டு நல்லா இருந்திச்சு" என்றால் அது உண்மையில் நாலாவது பாட்டாக இருக்கும். குகன் விடமாட்டார். "நடுவில ஏறின ஆளுக்கு ஓட்டு இல்லை" என்பார். "அல்லாஹ் என்னைக் கெலிஓயாவில வச்சிருக்கான், நான் என்ன செய்ய?" என்று அவள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

அவள் முகம் வாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முன் சீட்டில் இருந்த மிஸ்ஸிடம் சொல்லி, ஆல்பத்தைக் கடைசிப் பாட்டிலிருந்து முன்னுக்கு ஓடவிட்டேன். குகன் கண்ணாடியில் என்னை முறைத்தார். சட்டப்படி பேச முடியாதே. நஸ்ரினா ஏறினாள். வழக்கமாக அவளுக்குக் கிடைக்காத பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. பல்கலைக்கழகத்துப் பெரிய மரங்களுக்குக் கீழே வேன் போகும்போது, வெயில் விட்டு விட்டு அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பாலத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அன்ட்டி, நான் ஏறுறதுக்கு முந்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவ்வளவு நல்ல பாட்டெல்லாம் ஓடுதா? நீங்க எல்லாரும் சொல்லாமலே கேட்டுட்டு வந்திருக்கீங்களே!"

மகன் அனுப்பியது

பிறகு ஒரு வியாழக்கிழமை பின்நேரம் பிரதீபன் போன் எடுத்தான். அவனுடைய முதல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. "உங்க வேன்ல போடுங்கம்மா. என்னோடதுன்னு சொல்லாதீங்க. அவங்க சொல்றத ஒரு சொல்லும் குறைக்காம எனக்குச் சொல்லணும்" என்றான். பழைய வேலையில் அவன் இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம். இந்த மாதம் முடிவதற்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டு யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவான். மறுநாள் பூ வைக்கும்போது பிள்ளையாரிடம் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை வேண்டும் என்றா, பாட்டு வேண்டும் என்றா? "அவன் முகம் வாடக்கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

முன் சீட்டில் யாரையும் இருக்கவிடாமல் என் பையை வைத்தேன். "இன்றைக்கு என் முறை" என்றேன். எல்லாரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பாட்டு தொடங்கியது. பெரிய மேளம் ஒன்றும் இல்லை. தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி அவன் குரல். அதற்குக் கீழே இழுத்து இழுத்து ஒரு தாளம், எங்கேயோ கேட்ட மாதிரி. மகாவலி மேலே பனி ஆற்றோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. கடைகள், மரங்கள், நடந்து போகிற பிள்ளைகள் எல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரித் தெரிந்தன. நஸ்ரினா ஏறியதுகூட கனவில் நடந்த மாதிரி இருந்தது. பாலம் வந்தது. ஒருவரும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்.

எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குகன் வாயைத் திறந்தபடி. பண்டார மாத்தயாவின் கை சாப்பாட்டுப் பெட்டியின் மேல் அப்படியே கிடந்தது. சரோஜா மிஸ் நஸ்ரினாவின் தோளில் சாய்ந்து கிடந்தார். சண்டை ஓயாத என் வேனில் அதற்கு முன் ஒருவரும் கண் அசந்ததில்லை. கண்டியில் நிறுத்தினதும் திடுக்கிட்டு எழும்பி, பைகளைத் தேடி, அவசரமாக இறங்கினார்கள். குகன் தம்பியை மட்டும் நிறுத்தி, எப்படி என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லட்டே அக்கா? ரெண்டாம் பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது. மனிசர் பாட்டு வாங்கிறது முழிச்சிருக்கத்தானே?"

திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை இரவே ஒரு சொல்லும் குறைக்காமல் மகனிடம் சொன்னேன். "எல்லாருமா தூங்கினாங்க?" என்று கேட்டான். "எல்லாரும்தான்." பிறகு "சரிம்மா. ஒஃபிசுக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்" என்றான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளையாரோடு நான் சரியாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை சரோஜா மிஸ் முன் சீட்டுக் கதவைத் திறந்து ஏறினார். "கமலா, வெள்ளிக்கிழமை போட்டதையே போடுங்க" என்றார். "ஒருக்காப் போட்டது திரும்பப் போடுறதில்லை மிஸ், சட்டம்" என்று குகன் பின்னாலிருந்து சொன்னார். மிஸ் திரும்பிப் பார்த்தார். "சட்டம் போட்டது நான். எங்க வீட்டுக்காரர் போனதிலயிருந்து எனக்குத் தூக்கம்னு ஒண்ணு வந்ததில்ல குகன். மாத்திரை போட்டும் வரல. அன்னைக்கு இந்த வேன்ல வந்திச்சு. யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்." நான் கியரை மாற்றினேன். ரோடு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

பாட்டு ஓடியது. பாலத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே பண்டார மாத்தயா முதன்முறையாகச் சட்டத்தை மீறினார். "அக்கே, மழை இல்ல. வைப்பர் நிப்பாட்டுங்க." எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். வைப்பர் அசையாமல் கிடந்தது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த இழுவைத் தாளம் எங்கள் வேனின் வலப்பக்க வைப்பர்தான், மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிற அதே கிறீச். போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிரதீபன் நிறுத்தி வைத்த வேனுக்குள் போனைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாத்தயா சிரித்தார். "உங்க புத்தாவா அக்கே, மகனா?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். நஸ்ரினா "அன்ட்டி!" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் கியர் மேல் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தார். குகன் தம்பிதான் பாவம், நெளிந்தார்.

"என்ன அக்கா நீங்கள்! முதலே சொல்லியிருந்தா நல்லதா ரெண்டு சொல்லுச் சொல்லியிருப்பனே" என்றார். "அதுக்குத்தான் தம்பி சொல்லல" என்றேன்.

அன்று பகல் கண்டியிலேயே வேனை நிறுத்திவிட்டு மகனுக்குப் போன் எடுத்து, மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். "யார் பெத்த பிள்ளையோ" என்றதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சாயந்தரம் அவனே போன் எடுத்தான். வரவில்லை என்று ஒஃபிசுக்குச் சொல்லிவிட்டானாம். எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளையாருக்கு இப்போது இரண்டு பூ வைக்கிறேன். வேனில் ஏறுகிறவர்கள் அவன் பாட்டைத் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். குகன் தம்பி அதற்குக் கீழே எழுதி அனுப்பியதை நஸ்ரினா எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"இந்த ஆல்பத்தில் மூன்றாம் பாட்டு எப்படி எண்டு என்னட்டக் கேக்க வேண்டாம். இன்னும் ஒருத்தரும் அதுவரைக்கும் முழிச்சிருக்கேல்லை."

அதனால் என் மகனின் ஆல்பத்தைக் கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டிருக்கிற ஒரே ரசிகை இன்றைக்கும் நான்தான், அதுவும் நான் கண்ணை மூடினால் வேன் மகாவலிக்குள் போய்விடும் என்பதால்.